பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப ஒரு சாமான்

என் அக்காவின் மகனுக்கு ஐந்து வயது நிறைந்த வருடம் அவனுக்கு இரண்டு பிறந்தநாள்கள் வந்தன. முதலாவது நட்சத்திரப்படி வந்தது. அன்றைக்கு அவனைத் தோய வார்த்து, கோயிலில் அர்ச்சனை செய்வித்து, பொங்கல் கொடுத்து முடித்துவிட்டோம். எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் அவ்வளவுதான். மற்றது இங்கிலீசுக் கலண்டர்ப்படி சில கிழமைகள் கழித்து வந்தது. அதை அத்தான் மலாயாவிலிருந்து தன்னோடு கொண்டுவந்திருந்தார்.

அத்தானுக்கு அங்கே றெயில்வேயில் கிளாக்கர் உத்தியோகம். மீசை சரியாக முளைக்க முன்னரே கப்பல் ஏறியவர். யுத்தத்துக்கு முந்திய அந்த நாட்களில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை நீண்ட லீவில் வருவார். வரும்போதெல்லாம் ஒரு புது வழக்கமும் கூட வரும். ஒருமுறை முள்ளுக்கரண்டி வந்தது. அவர் திரும்பிப் போனதும் அக்கா அதை ஊறுகாய்ச் சாடிக்குள் போட்டு வைத்தாள். இந்த முறை வந்தது பார்ட்டி.

"துரை வீட்டிலை பிள்ளைக்குப் பிறந்தநாள் எண்டால் அயலிலை உள்ள பிள்ளையள் எல்லாம் வரும்" என்று அத்தான் விளக்கினார். "விளையாடும், கேக் திண்ணும். போகேக்கை ஒவ்வொரு பிள்ளையின்ரை கையிலையும் ஒரு சாமான் குடுத்து அனுப்புவினம்."

"வந்தவை எங்களுக்குத் தாறதோ, நாங்கள் அவைக்குக் குடுக்கிறதோ?" என்று அக்கா கேட்டாள்.

"நாங்கள்தான் குடுக்கிறது."

"அப்ப பலகாரம் கட்டிக் குடுப்பம்."

"பலகாரம் படலை தாண்ட முன்னம் முடிஞ்சு போம். வைச்சிருக்கிற சாமானாய் இருக்கவேணும். பிறகும் பாத்துப் பாத்து எங்களை நினைப்பினம்."

அத்தான் அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். பாத்துப் பாத்து நினைப்பார்கள் என்றதும் அக்காவின் முகம் மாறியது. ஆனாலும் பார்ட்டி வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அவளுக்கு அப்போது ஆறு மாதம். அத்தானுடைய லீவு அடுத்த மாதத்தோடு முடிகிறது. பிள்ளை பிறக்கும்போது அவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பார். எங்களுக்குத் தாய் இல்லை. நான் பக்கத்தில் புகையிலைத் தோட்டம் செய்துகொண்டிருந்தேன் என்றாலும், அந்த நேரத்தில் ஆண்பிள்ளை ஒருவன் முற்றத்தில் நிற்பதும் பூவரசமரம் நிற்பதும் ஒன்றுதான். வேலிக்கு மற்றப் பக்கத்தில் அத்தானின் தமக்கை இருந்தார். எனக்கு மச்சாள் முறை. அயலில் யாருக்கு வயிற்றுநோ கண்டாலும் மருத்துவிச்சிக்கு முன்னால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரோடு அக்காவுக்கு மூன்று வருடமாகக் கதை பேச்சு இல்லை.

அதற்குக் காரணம் ஒரு சேலைக்கரை. போன லீவில் அத்தான் இருவருக்கும் பட்டுச்சேலை கொண்டுவந்தார். இரண்டும் ஒரே நிறம். மச்சாள் இரண்டையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கரைகளை விரலால் அளந்து பார்த்தார். அக்காவின் சேலைக்கரை ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தது. மச்சாள் தன் சேலையை மடித்து அக்காவின் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு எங்கள் படலையை மிதிக்கவில்லை.

பார்ட்டிக்கு மச்சாளின் பிள்ளைகள் மூவரையும் கேட்டு ஆள் அனுப்பியபோது, பதில் இப்படி வந்தது: "பிள்ளையள் வருவினம். சின்னனைத் தனிய விட ஏலாது. நானும் ஒருக்கால் வந்து நிப்பன்."

அந்த 'வந்து நிப்பன்' என்ற சொல்லை அக்கா ஒரு கிழமையாக வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வந்து நின்றால் இருக்கச் சொல்லலாம். இருந்தால் கதைக்கலாம். கதைத்தால் பிள்ளைப்பேறுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் இருப்பார். இவ்வளவும் கொடுத்தனுப்பும் சாமானில் தங்கியிருந்தது. ஒரு விரல் கரைக்கு மூன்று வருடம் என்றால், சாமானில் பிழை விட்டால் எத்தனை வருடம் என்று அக்கா கணக்குப் பார்க்கப் பயந்தாள்.

சாமான் வாங்க அத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எதிர்த்துக் கதைக்காத ஆளாக ஒருவன் வேண்டும் என்று அவர் தேடியிருக்கவேண்டும். றெயில் கோச்சியில் யாழ்ப்பாணம் போய், பெரியகடையில் யப்பான் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குள் நுழைந்தோம். அத்தானுடைய சித்தாந்தம், வயசுக்குத் தக்க சாமான் என்பது. வருகிற பிள்ளைகளில் மடியில் இருப்பதும் உண்டு, மீசை அரும்பியதும் உண்டு. ஆகவே மடிக்குழந்தைகளுக்குக் கிலுகிலுப்பை, பெண்பிள்ளைகளுக்குப் பொம்மை, பையன்களுக்கு முறுக்கி விடுகிற தகரக் கார், மச்சாளின் மூத்தவனுக்குப் பதினான்கு வயது என்பதால் ஒரு பவுண்டன் பேனை என்று எடுத்தார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

வீட்டில் அக்கா எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்துப் பார்த்தாள். அத்தானின் குஞ்சியம்மாவும் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்க வந்திருந்தார். அத்தானின் சிறிய தகப்பனார் முதல் தாரம் இறந்து வெகுகாலம் கழித்து இரண்டாம் தாரமாகக் கட்டியவர் அவர். மகனுக்கு ஒன்றரை வயது.

"இதிலை எது பெரிசு, எது சின்னன்?" என்று அக்கா கேட்டாள்.

"எல்லாம் வயசுக்கு ஏத்தது" என்றார் அத்தான்.

"வயசை ஆர் பாக்கப் போகினம்? சாமானைத்தான் பாப்பினம்."

குஞ்சியம்மா கிலுகிலுப்பையை எடுத்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். "உது ஆருக்கு?"

"தம்பிக்குத்தான் குஞ்சியம்மா" என்றார் அத்தான்.

"பேனை?"

"என்ரை அக்காவின்ரை மூத்தவனுக்கு."

குஞ்சியம்மா கிலுகிலுப்பையைப் பழையபடி வைத்தார். "நான் ஒண்டும் சொல்ல வரேல்லை. இவர் உன்ரை தம்பி. உன்ரை மோனுக்குச் சித்தப்பா. அந்தப் பெடியனுக்கு மாமன். மருமோனுக்குப் பேனை, மாமனுக்குக் கிலுகிலுப்பை. சரி. மலாயாவிலை அப்பிடித்தானாக்கும்."

சித்தப்பா இடுப்பிலிருந்து இறங்கி முற்றத்தில் மண் தின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கு அக்கா ஒரு முடிவு சொன்னாள். மடியில் இருப்பதிலிருந்து மீசை அரும்பியது வரைக்கும் எல்லாருக்கும் ஒரே சாமான், ஒரே அளவு, ஒரே நிறம். குறைவு என்று யாரும் சொல்லக்கூடாது. அத்தான் இரண்டு நாள் யோசித்தார். பிறகு தானே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி, திரும்பவும் என்னைக் கோச்சியில் ஏற்றினார். அதே கடையில் பழைய சாமான்களைத் திருப்பிக் கொடுத்து, மினுமினுக்கிற சின்னப் பித்தளைச் செம்புகளை எண்ணி எடுக்கச் சொன்னார். "உடையாது, கறள் பிடியாது. சின்னப் பிள்ளை பால் குடிக்கலாம், பெரிய பிள்ளை தண்ணி குடிக்கலாம். என்ன தம்பி?"

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யும்போது ஐயர்மாருக்குத் தானமாகக் கொடுப்பது குடை, செருப்பு, பாய், செம்பு. அது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அத்தான் ஊரில் நடந்த செத்தவீடுகளுக்கெல்லாம் கடல் கடந்து தந்தி அனுப்பியவரே தவிர, ஒன்றிலும் நின்றவர் அல்ல. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் வாசலில் நின்ற வேறு ஒரு மலாயாக்காரரோடு இங்கிலீசில் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

கடைக்காரர் செம்புகளை வைக்கோல் வைத்துக் கட்டிக்கொண்டே என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "ஆர் தம்பி மோசம் போனது?" என்று கேட்டார்.

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் அதை ஆற்றாமை என்று எடுத்துக்கொண்டார். "மனதை விடாதையும். குடையும் இஞ்சை இருக்கு" என்று சொல்லி, கட்டைத் தானே தூக்கிவந்து தெருவில் தந்துவிட்டுப் போனார்.

கட்டை அவிழ்த்ததும் அக்கா நிலத்தில் இருந்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ" என்றாள். "வயித்துப்பிள்ளையோடை ஒருத்தி இருக்கிற வீட்டுக்கை அந்தியேட்டிச் செம்பைக் கொண்டந்து அடுக்கிறியளே. இதை மச்சாளின்ரை பிள்ளையளின்ரை கையிலை குடுத்து விட்டால், ஆரின்ரை அந்தியேட்டி எண்டு அவ கேப்பாவோ, மாட்டாவோ?"

"செம்பு தண்ணி குடிக்கிற சாமான்தானே?" என்றார் அத்தான்.

"அது உங்களுக்குத் தெரியும். செம்புக்குத் தெரியாதே."

செம்புகளை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் வைத்துச் சாக்கால் மூடினேன். அதன்பிறகு பின்னேரங்களில் அத்தான் ஒவ்வொரு சாமானாகச் சொல்ல, அக்கா அதை விலக்க, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடியும் சீப்பும் என்றார் அத்தான். மச்சாளின் பெட்டைக்குப் பதினொரு வயது, அதைக் கொடுத்தால் அவள் பெரியபிள்ளையாகும் சாமத்தியச் சடங்குக்கு நாங்கள் நாள் பார்க்கிறோம் என்று ஆகிவிடும். பென்சில் என்றார். மச்சாளின் மூத்தவன் போன பள்ளிக்கூடச் சோதனையில் தவறியவன், குத்திக்காட்டுகிறோம் என்று ஆகிவிடும். இறப்பர்ப் பந்து என்றார். பந்து வேலிக்கு மேலால் போகும், அதை எடுக்கப் போகிற இடத்தில் புதுச் சண்டை வரும்.

"அப்ப ஆளுக்கொரு லேஞ்சி" என்று அத்தான் கைக்குட்டையை இழுத்துக் காட்டினார்.

"கரை வைச்ச சாமான் ஒண்டும் இந்த வீட்டிலை வேண்டாம்."

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. எங்கள் ஊரில் எந்தச் சாமானும் சும்மா இருப்பதில்லை. பிறப்புக்கும் சாமத்தியத்துக்கும் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்குமாக ஒவ்வொன்றும் முன்னமே உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டது. வேண்டியது என்னவென்றால், இன்னும் வேலை கிடைக்காமல் அலைகிற ஒரு சாமான்.

மூன்றாம் தரம் என்னைத் தனியே அனுப்பினார்கள். செம்புக் கட்டைக் கண்டதும் கடைக்காரர், "என்ன, ஐயர் வேண்டாம் எண்டிட்டாரோ?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே செம்புக் கட்டை அவிழ்த்து எண்ணினார்.

"தம்பி, முதலிலை விளையாட்டுச் சாமான் எடுத்தியள். பிறகு அந்தியேட்டிச் சாமான் எடுத்தியள். எனக்குக் கலியாணச் சாமானும் கிடக்கு. ஒரேயடியாய்ச் சொன்னியள் எண்டால் கட்டி வைச்சிடுவன்."

கண்ணாடிப் பெட்டிக்குள் தகர விசில்கள் கிடந்தன. எல்லாம் ஒரே சிவப்பு. உள்ளே ஒரு சின்னக் குண்டு கிடந்து உருண்டது. நான் ஒன்றைக் காட்டி, "இதுக்கு ஏதும் சடங்கு இருக்கோ?" என்று கேட்டேன்.

"உதை ரெயில் கார்ட்டும் பொலிசும் ஊதுவினம். வேறை ஒருத்தருக்கும் உதாலை ஒரு அலுவலும் இல்லை."

அதையே வாங்கிக்கொண்டு வந்தேன். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து அளவு பார்த்தாள். கரை இல்லை, பெரிது சிறிது இல்லை, எந்தச் சடங்கிலும் இடம் இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது. அத்தானுக்கும் றெயில்வே சம்பந்தமான சாமான் என்பதால் பெருமை. ஊதினால் சத்தம் வரும் என்பதை எங்கள் மூவரில் ஒருவரும் அந்த நேரம் நினைக்கவில்லை.

பார்ட்டி பின்னேரம் நடந்தது. மச்சாள் சொன்னபடி வந்து நின்றார். அக்கா கதிரையைக் காட்டினாள். அவர் சின்னனை இடுப்பில் மாற்றிக்கொண்டு நின்றபடியே நின்றார். பட்டணத்திலிருந்து வந்த கேக்கில் அத்தான் ஐந்து மெழுகுதிரியை ஏற்றி, மகனை ஊதி அணைக்கச் சொன்னார். குஞ்சியம்மா பிள்ளையின் வாயைப் பொத்தினார். "நல்ல நாளிலை விளக்கை வாயாலை நூக்கிறதோ?" என்றார். நூர்க்கக்கூடாது என்று பெண்கள் எல்லாரும் ஒன்றாய்ச் சொல்லிவிட்டதால், மெழுகுதிரிகள் தாமாக எரிந்து அணையும் வரை கைகட்டிக் காத்திருந்தோம். மேலே இருந்த சீனிப்பூச்சும் மெழுகும் ஒன்றாகிவிட்டன. பிள்ளைகள் வேறுபாடு பார்க்காமல் தின்றார்கள்.

சாமான் கொடுக்கும் நேரம் வந்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. எல்லாம் ஒரே சாமான் என்றாலும், முதலில் யாருக்கு? வயதில் மச்சாளின் மூத்தவன் பெரியவன். முறையில் சித்தப்பா பெரியவர். அக்கா தட்டத்தை என் கையில் தந்து, "நீ குடு தம்பி. நீ குடுத்தால் ஒருத்தரும் கணக்கெடுக்க மாட்டினம்" என்று காதுக்குள் சொன்னாள்.

நான் தட்டத்தோடு முற்றத்துக்கு நடுவில் போய் நின்றேன். குஞ்சியம்மா சித்தப்பாவை முன்னால் நீட்டிக்கொண்டு ஒருபக்கம். மச்சாள் மறுபக்கம். இத்தனை கண்கள் என்னைப் பார்ப்பது எனக்குப் பழக்கம் இல்லை. ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட நா எழும்பவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விட்டது. யாரோ ஒருவன் பாய்ந்து ஒன்றை எடுத்தான். அடுத்த கணம் தட்டம் வெறுமையாகிவிட்டது. சித்தப்பாவின் இரண்டு கையிலும் ஒவ்வொன்று இருந்தது. முறைப்படி அது சரி என்று குஞ்சியம்மாவின் முகம் சொன்னது.

மச்சாளின் மூத்தவன் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாமரத்தடியில் நின்றான். சின்னப் பிள்ளைகளோடு அடிபடுவது தனக்கு மரியாதை இல்லை என்று நின்றிருக்கிறான். அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தட்டத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

மச்சாள் அவனைப் பார்த்தார். வெறும் தட்டத்தைப் பார்த்தார். "சரி, வாறம்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படலையால் போனார்.

அக்கா அன்றைக்குக் கேக்கும் தின்னவில்லை, சோறும் தின்னவில்லை. "இனி அவ வரமாட்டா" என்று மட்டும் சொன்னாள். என்னை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏசவில்லை. அத்தான் பார்ட்டி துரை வீட்டுப் பார்ட்டியை விடச் சிறப்பு என்று சொல்லிக்கொண்டு, மகனுடைய விசிலை வாங்கி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் அக்கா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். நான் கொட்டிலில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தேன். விடிந்ததிலிருந்து நாலு பக்கமும் விசில் சத்தம். படலை திறந்தது. மச்சாள், கூந்தலும் முடியாமல், நேராக அக்காவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"உது ஆரின்ரை யோசினை?"

மூன்று வருடத்துக்குப் பிறகு அக்காவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"எது மச்சாள்?"

"உந்த விசில். கண் முழிக்க முன்னம் பெட்டை ஊதத் தொடங்கியிட்டாள். அவளைப் பாத்துச் சின்னன் ஊதுது. மாடு பால் சுரக்குதில்லை. மனிசன் கோவிச்சுக்கொண்டு தோட்டத்துக்குப் போட்டார்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "மூத்தவனுக்கு ஒண்டும் கிடைக்கேல்லை மச்சாள். வேணுமெண்டு செய்யேல்லை. ராவு முழுக்க அதையே நினைச்சுக்கொண்டு…"

"அது ஒண்டுதான் நீங்கள் செய்த நல்ல காரியம்" என்றார் மச்சாள். "ரெண்டையே தாங்கேலாமல் கிடக்கு. மூண்டாவதும் வந்திருந்தால் நான் கீரிமலை மடத்திலை போய்க் குந்தியிருப்பன்."

அக்கா மூக்கைத் துடைத்தாள். "இஞ்சை மட்டும் என்ன? உங்கடை தம்பியும் எல்லே சேந்து ஊதுறார். ரெயில் விடுறாராம்."

"உவனோ? உவன் சின்னனிலையும் இப்பிடித்தான். கோயில் மணியை அவிட்டுக்கொண்டந்து ஆட்டின்ரை கழுத்திலை கட்டினவன். ஊர் முழுக்கப் பூசை எண்டு ஓடி வந்தது."

"எனக்கு அவர் உதொண்டும் சொல்லேல்லையே."

"சொல்லுவானோ? இரும், நான் சொல்லுறன்." மச்சாள் உரலில் சாய்ந்துகொண்டார். பிறகு அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "உந்த வயித்தோடை என்னத்துக்குக் குனிஞ்சு கூட்டுறீர்? விளக்குமாறை அந்தா நிக்கிற தம்பியிட்டைக் குடும்."

அந்தா நின்ற தம்பி நான்தான். நான் முற்றம் கூட்டினேன். கூட்டி முடியும்போது அத்தானுடைய இளமைக்காலம் முழுவதும் முற்றத்தில் அவிழ்த்துப் பரப்பப்பட்டிருந்தது. அத்தானே விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே வந்து, தமக்கையைக் கண்டு மலர்ந்து, "என்னக்கா, பார்ட்டி எப்பிடி?" என்று கேட்டார்.

"நல்லாய் இருந்தது. உதை இஞ்சை தா" என்று மச்சாள் கையை நீட்டினார். அத்தான் கழற்றிக் கொடுத்தார்.

அன்று மத்தியானத்துக்கு முன் இரண்டு பெண்களும் சேர்ந்து வீடு வீடாகப் போய் விசில்களைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். குஞ்சியம்மா மட்டும் தரமாட்டேன் என்றார். சித்தப்பாவுக்கு மரியாதையாகக் கொடுத்த சாமானை எப்படித் திருப்பிக் கேட்பது என்பது அவருடைய நியாயம். அத்தான் கப்பல் ஏறும்வரை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார், குடும்பத்தை ஒற்றுமையாக்கியது தன்னுடைய பார்ட்டிதான் என்று. அதை மறுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

கார்த்திகை மழையில் ஒரு விடியற்காலை அக்காவுக்குப் பிள்ளைநோ கண்டது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு மச்சாளின் படலைக்கு ஓடினேன். எப்படிச் சொல்வது என்று நான் தடுமாற, அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். வாசலில் கால் வைத்ததும் அக்காவை ஏசினார், முதல்நாளே சொல்லவில்லை என்று. என்னை ஏசி மருத்துவிச்சி வீட்டுக்குத் துரத்தினார். மத்தியானம் பெண்குழந்தை பிறந்தது.

மச்சாள் வீட்டுக்குப் போகவில்லை. மழை விட்ட நேரத்தில் அவருடைய மூத்தவன், சோறு எங்கே என்று கேட்டுக்கொண்டு எங்கள் முற்றத்தில் வந்து நின்றான். "இஞ்சைதான் உலை வைச்சிருக்கிறன்" என்று குசினிக்குள் இருந்து அவர் குரல் வந்தது. "காலைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வா."